தொட்டியின் மட்டமும் குழாயின் ஓட்டமும்

(ஊராட்சிகளின் குடிநீர்த் தொட்டி இயக்குவோரும் மன்ற உறுப்பினர்களும் கலந்துகொண்ட பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்குச் சிறியது. நம் ஊர்களின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளில் அண்மைக் காலத்தில் இரண்டு கருவிகள் வந்து அமர்ந்திருக்கின்றன. தொட்டிக்குள் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று சொல்வது ஒன்று. அதனை மட்டங்காட்டி என்போம். குழாய் வழியே எத்தனை லிட்டர் சென்றது என்று கணக்கிடுவது மற்றொன்று, அது ஓட்டமானி. விலைப்பட்டியல்களில் லெவல் சென்சார் என்றும் ஃப்ளோ மீட்டர் என்றும் இவற்றை எழுதியிருப்பார்கள். 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கம், ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்தது. அளவு வகுத்த பின்னர், 'தண்ணீர் விட்டோம்' என்று வாயால் சொன்னால் போதாது, அளந்து காட்ட வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. ஆகவே இக்கருவிகள் ஊருக்கு ஊர் வந்து சேர்ந்தன.

நீரை அளந்து பங்கிடுவது நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 10-ஆம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. மடையைத் திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி, மண்வெட்டி ஒன்றைத் தவிர வேறு கருவி இன்றியே வாய்க்காலின் ஓட்டத்தைக் கண்ணால் அளப்பார். அவர் கணக்கில் சந்தேகம் எழுந்தால் வரப்பிலேயே நிறுத்தி வைத்துக் கேட்கலாம். இப்போது வந்துள்ள கருவியை அவ்வாறு கேட்க முடியாது. அது எண்ணைக் காட்டுகிறது. எண்ணைக் கண்டால் நாம் நம்பிவிடுகிறோம். அந்த எண் பொய்யாக இருந்தாலோ, ஒரு தெருவுக்கு நீர் இல்லாமற் போகிறது. அல்லது தொட்டி வழிந்து மின்சாரம் வீணாகிறது. அல்லது குற்றமற்ற ஒருவர்மீது பழி விழுகிறது. மூன்றும் நம் ஒன்றியத்தில் நடந்தவையே. பழியைப் பற்றிய செய்தியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சுமார் 300 வீடுகள் உள்ள ஓர் ஊர். தொட்டியின் கொள்ளளவு 60,000 லிட்டர். ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டிய பெட்டியில் தொட்டியின் மட்டம் எப்போதும் தெரியும். ஒரு கோடையில் கீழ்க்கோடித் தெருவுக்குக் காலையில் பத்து நிமிடம்கூட நீர் வரவில்லை. பெண்கள் குடத்துடன் அலுவலகத்துக்கு வந்து பார்த்தார்கள். பெட்டியில் 2.60 மீட்டர் என்று காட்டிற்று. நிறைமட்டமே 3 மீட்டர்தான். தொட்டி முக்கால் பங்குக்கு மேல் நிறைந்திருக்க, தெருவில் நீர் இல்லையென்றால் என்ன பொருள்? தொட்டி இயக்குபவர் வால்வை அடைத்துவிட்டு, இரவில் யாருடைய தென்னந்தோப்புக்கோ நீர் விடுகிறார் என்று பேச்சு எழுந்தது. பேச்சு மனுவாயிற்று. 15 ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்தவரை நீக்க வேண்டும் என்று கையெழுத்திட்டு நம்மிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மனுவைப் பார்த்தவுடன் நாம் கேட்டது ஒன்றே: மட்டம் எழுதும் பதிவேடு எங்கே? பதிவேட்டில் பதினொரு நாள்களாகக் காலையிலும் மாலையிலும் 2.60 என்றே எழுதியிருந்தது. உண்மை வெளிப்பட அதுவே போதுமானதாயிற்று. மக்கள் நீர் பிடிக்கும் தொட்டியில் மட்டம் ஏறும், இறங்கும். பதினொரு நாளும் ஒரே இடத்தில் நின்றது என்றால், கருவி பார்த்துக்கொண்டிருந்தது தண்ணீரை அன்று.

அடுத்து ஓட்டமானியின் கணக்கைப் பார்த்தோம். முன்பு நாள்தோறும் 60,000 லிட்டருக்குக் குறையாமல் ஏறிய நீர், அந்தப் பதினொரு நாளும் 18,000 லிட்டர் அளவிலேயே நின்றது. தொட்டிக்குள் வந்த நீரோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஊர் குடிப்பதோ எப்போதும்போல். ஆயினும் தொட்டி குறையவில்லை என்கிறது மட்டங்காட்டி. இரண்டு கருவிகளில் ஒன்று பொய் சொல்கிறது என்பது நாற்காலியில் இருந்தபடியே தெரிந்துவிட்டது. நீளமான அளவு நாடாவின் முனையில் எடை கட்டித் தொட்டிக்குள் இறக்கிப் பார்த்தபோது நின்றது 40 சென்டிமீட்டர் நீரே.

என்ன நேர்ந்தது என்பதைக் கேளுங்கள். அந்த மட்டங்காட்டி மீயொலி வகையைச் சேர்ந்தது. கிணற்றில் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறதல்லவா? அதுபோலத் தொட்டியின் மேல்தளத்திலிருந்து காதுக்குக் கேளாத ஒலியைக் கீழே அனுப்பி, அது நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். கருவி, தொட்டியின் அடித்தளத்திலிருந்து 3.50 மீட்டர் உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தது. தொட்டியைக் கழுவ வந்தவர்கள் கருவியின் தாங்கியைச் சற்றே சாய்த்துவிட்டார்கள். சாய்ந்த கருவியின் ஒலி, 90 சென்டிமீட்டர் கீழே இருந்த இரும்பு ஏணிப் படியில் பட்டுத் திரும்பிற்று. 3.50-இல் 0.90 போனால் 2.60. நீர் அந்தப் படிக்குக் கீழே எங்கிருந்தாலும் கருவி 2.60 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மட்டம் 1.20-க்கு இறங்கினால் மோட்டார் தானே ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. கருவியின் கணக்கில் மட்டம் இறங்கவே இல்லை. மோட்டாரும் தானாக ஓடவில்லை. பழைய வழக்கப்படி தொட்டி இயக்குபவர் விடியற்காலையில் ஒரு மணி நேரம் கையால் ஓட்டிய நீர் மட்டுமே ஊருக்குக் கிடைத்தது. அதையும் மேட்டுத் தெருக்காரர்கள் வரும் வழியிலேயே பிடித்துக்கொண்டார்கள். தாங்கியை நிமிர்த்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து முடுக்கியவுடன் கருவி உண்மை பேசிற்று. செலவு ஒன்றுமில்லை. புதிய கருவிக்கு விலைப்புள்ளி கேட்டுக் கடிதம் எழுதி வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த மனுவில் கையெழுத்திட்டவர்களை நாம் குறை கூறமாட்டோம். குடம் காலியாக இருக்கும்போது எவருக்கும் பொறுமை இராது. ஆனால் கருவி பழுதா, நீர் இல்லையா, மனிதர் குற்றமா என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்கும் வழி நம் கையில் இருக்கும்போது, முதலில் மனிதர்மீது கை நீட்டுவது முறையன்று. அந்த வழியைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

எக்கருவியைச் சந்தேகித்தாலும் அதனைத் திறக்கும் முன் நீரை அளந்து பாருங்கள். மட்டத்துக்கு நாடாவும் எடையும் போதும். ஓட்டத்துக்குத் தொட்டியே அளவுப் படியாகும். உள்விட்டம் 5 மீட்டர் உள்ள வட்டத் தொட்டியில் 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 196 லிட்டர் நீர் பிடிக்கும். பகிர்மானக் குழாயின் வால்வை நன்றாக அடைத்துவிட்டு, மோட்டாரைச் சரியாக 10 நிமிடம் ஓட்டுங்கள். மட்டம் 15 சென்டிமீட்டர் ஏறினால், ஏறத்தாழ 2,940 லிட்டர் வந்தது என்று பொருள். நிமிடத்துக்கு 294 லிட்டர். ஓட்டமானி 300 என்று காட்டினால் நாடாவில் கண் வைக்கும் பிழை அளவே வேற்றுமை; கவலை வேண்டாம். 400 என்று காட்டினால் ஓட்டமானியைப் பார்க்க வேண்டும். 300 காட்டும் ஓட்டமானி நல்லதென்று முன்பே தெரிந்திருந்து, மட்டம் 8 சென்டிமீட்டர் மட்டுமே ஏறினால், நீர் வழியில் எங்கோ கசிகிறது என்று அறியலாம். கருவியைக் கழற்றாமலேயே, பாதி நோயை இந்தப் பத்து நிமிடப் பரிசோதனை சொல்லிவிடும்.

இனி மீயொலி மட்டங்காட்டியின் மற்றக் குறைகள். நீர் உள்ளே விழும் குழாய்க்கு அருகில் கருவியை வைத்தால், விழும் நீரும் நுரையும் எதிரொலியைக் கெடுக்கும். மோட்டார் ஓடும்போது மட்டும் எண் குதிக்குமானால் இதுவே காரணம். கருவியின் முகத்தில் நீராவித் துளி படிந்தாலும், சிலந்தி வலை கட்டினாலும் எண் தடுமாறும்; ஈரத்துணியால் மென்மையாகத் துடைப்பதே வைத்தியம். கருவியின் முகத்துக்கு மிக அருகில் வரும் நீரை அதனால் காண இயலாது. அந்தக் குருட்டுத் தூரம் எவ்வளவு என்பது கருவியுடன் வரும் தாளில் இருக்கும். நிறைமட்டம் அதற்குக் கீழே இருக்குமாறு பொருத்த வேண்டும். வெப்பமும் ஒரு காரணம். 20 பாகை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் செல்லும். 40 பாகையில் ஏறத்தாழ 355 மீட்டர். இந்த வேற்றுமையைச் சரிக்கட்டக் கருவிக்குள்ளேயே ஒரு வெப்ப உணர்வி உண்டு. அது பழுதானாலோ, வெயிலில் நிற்கும் கருவி உள்ளே இருக்கும் காற்றைவிட அதிகம் சூடேறினாலோ கணக்குப் பிழைபடும். 3 மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் வரை தவறலாம். நடுப்பகலில் ஒரு மட்டம், விடியலில் வேறு மட்டம், இடையில் நீர் எடுக்கவில்லை என்றால், சிறு நிழற்கூரை ஒன்று அமைத்துப் பாருங்கள்.

மிதவை ஸ்விட்சு, மூன்று கம்பி வகை ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலருக்கு வீட்டுத் தொட்டியிலேயே பழக்கம். மிதவைக்குள் நீர் புகுந்து அது மூழ்கினாலும், அதன் வடம் ஏணியில் சிக்கினாலும் தொட்டி காலி என்றே எண்ணி மோட்டார் ஓடும், தொட்டி வழியும். கம்பி வகையில் நம் ஆழ்துளைக் கிணறுகளின் உப்பே எதிரி. கம்பியில் வெள்ளைப் படிவு கட்டினால் மின்சாரம் கடவாது. நீர் தொட்டாலும் தொடவில்லை என்றே கருவி எண்ணும். கம்பிகளைத் தாங்கும் தலைப்பகுதியில் ஈரமும் அழுக்கும் சேர்ந்து கம்பிகளை இணைத்துவிட்டாலோ நேர்மாறாக நடக்கும். காலித் தொட்டியை நிறைந்த தொட்டி என்று சொல்லும்.

சில பெரிய தொட்டிகளில் நீரின் அழுத்தத்தைக் கொண்டு மட்டம் அறியும் உணர்கருவியை அடியில் இறக்கியிருக்கிறார்கள். அதன் மின்வடத்துக்குள் மயிரிழைபோன்ற காற்றுக் குழாய் ஒன்று ஓடுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தை உள்ளே கொண்டுபோய் ஈடுசெய்வதே அதன் வேலை. இதனை அறியாமல் வடத்தின் நுனியை நாடா சுற்றி இறுக அடைத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அடைத்துவிட்டால், வெளிக்காற்றின் அழுத்தம் 1 மில்லிபார் மாறும்போதெல்லாம் மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் மாறியதுபோல் காட்டும். புயற்சின்னம் வந்தால் தொட்டியும் ஏறி இறங்குவதுபோல் தோன்றும். ஈரம் புகாமல் காக்கும் உலர்த்திக் குப்பியை அதனுடன் கொடுத்திருப்பார்கள். அதனுள் இருக்கும் மணிகள் நிறம் மாறிவிட்டால் புதியன இட வேண்டும்.

ஓட்டமானிக்கு வருவோம். பழைய வகையில் உள்ளே ஒரு சக்கரம் சுழலும். மணலும் துருவும் அதனைத் தேய்க்கும். நாரோ நூலோ சுற்றிக்கொண்டால் நின்றேவிடும். இன்னொரு கோளாறு இதற்கு உண்டு. அது காற்றையும் நீர் என்றே எண்ணும். மோட்டார் நின்றபின் நீருந்து குழாய் காலியாகி, மறுநாள் ஓடத் தொடங்கியதும் குழாயில் இருந்த காற்று முழுவதும் சக்கரத்தை விசையாகச் சுழற்றிக்கொண்டு வெளியேறும். அந்தக் காற்றுக்கும் லிட்டர் கணக்கு ஏறும். மோட்டார் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் மட்டும் எண் பேய்போல் ஓடினால் அடியிலுள்ள செக் வால்வைப் பாருங்கள். குழாயின் நீரைத் தாங்க வேண்டிய அந்த வால்வு கசிவதால்தான் குழாய் காலியாகிறது. ஓட்டமானியை மாற்றினாலும் நோய் அப்படியே இருக்கும்.

மின்காந்த ஓட்டமானியில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. ஃபாரடே 1831-இல் கண்டறிந்த தத்துவத்தின்படி, காந்தப் புலத்தின் ஊடே நீர் பாயும்போது எழும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைக் குழாயின் இரு பக்கத்துப் பொட்டுகள் உணர்ந்து, அதிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகின்றன. இதற்குக் குழாய் முழுவதும் நீர் நிறைந்திருக்க வேண்டும். பாதிக் குழாயில் நீர் ஓடினால், கருவி அதனை முழுக் குழாய் என்றே கொண்டு அதிகமாகக் காட்டும், அல்லது தடுமாறும். ஆகவே குழாய் கீழ்நோக்கி இறங்கும் இடத்திலும், வழியின் உச்சியிலும் இதனைப் பொருத்தலாகாது. வளைவுக்கும் வால்வுக்கும் ஒட்டினாற்போலவும் வைக்கலாகாது; நீர் வந்து சேரும் பக்கத்தில் குழாய் விட்டத்தைப் போல் 5 மடங்கு நேர்க்குழாய் வேண்டும். 100 மில்லிமீட்டர் குழாய் என்றால் அரை மீட்டர். மோட்டார் ஓடாதபோதும் எண் அசைந்தால் எர்த் கம்பியை முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் குழாயில் நீர் பூமியோடு இணைவதில்லை. எனவே தனி எர்த் வளையம் இட வேண்டும். அதை விட்டுவிட்டு வேலையை முடித்துப் போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஊராட்சிப் பணத்தை வாங்கிக்கொண்டு அரைகுறையாகப் பொருத்திச் செல்வதைவிடப் பொருத்தாமல் போவதே மேல்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் ஓட்டமானியின் எண் நாளுக்கு நாள் குறைந்தால், கருவி கெட்டுவிட்டது என்ற புகார் உடனே வந்துவிடுகிறது. பெரும்பாலும் கெட்டது கருவியன்று. ஆழ்துளைக் கிணற்றின் ஊற்று இறங்கியிருக்கிறது. மோட்டார் நீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது. அதனை அப்போதே அறிந்து ஓட்டும் நேரத்தைக் குறைத்தால் மோட்டார் பிழைக்கும். எண்ணை நம்பாமல் மேலும் ஓட்டினால் மோட்டார் காயில் எரியும். விவசாயிகளுக்கு இது சொல்லாமலே விளங்கும். தோட்டத்து மோட்டாரில் பலர் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

கருவியும் நீரும் சரியாக இருந்து, அலுவலகப் பெட்டி மட்டும் தவறாகக் காட்டினால் இடையே உள்ள கம்பியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கருவிகள் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையுள்ள மின்னோட்டத்தால் பேசுகின்றன. 3 மீட்டர் தொட்டியில் காலி என்பதற்கு 4, நிறைவு என்பதற்கு 20, பாதி என்பதற்கு 12. காலிக்குப் பூஜ்யம் வைக்காமல் 4 வைத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. பூஜ்யம் வந்தால் தொட்டி காலியன்று, கம்பி அறுந்தது என்று உடனே பிரித்தறியலாம். 3.6-க்குக் கீழே போனாலும் 21-க்கு மேலே போனாலும் மட்டத்தைச் சொல்லவில்லை, பழுது என்று கருவியே முறையிடுகிறது என்று கொள்க. மேலே சொன்ன ஊரில் கம்பியில் அளந்தபோது 17.9 மில்லி ஆம்பியர் இருந்தது. அது 2.60 மீட்டருக்குச் சரியான கணக்கு. ஆகவே கம்பியும் பெட்டியும் குற்றமற்றவை, கருவியின் பார்வையிலேயே கோளாறு என்று தெளிவாயிற்று. எலி கடித்த வடம், மழைநீர் புகுந்த இணைப்புப் பெட்டி, அதனுள் குடியேறிய எறும்பு, இடி விழுந்த நாளுக்குப் பின் மௌனமான கருவி ஆகியவை இப்பகுதியில் அடிக்கடி காண்பவை. கம்பியில் மின்னோட்டம் அளப்பதை அதற்குரிய பயிற்சி உள்ள மின்பணியாளரே செய்க. ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைக்குமுன் மெயினை நிறுத்துக. ஈரத்தில், இருட்டில், தனியாக ஒருவர் தொட்டிமீது ஏறலாகாது. கருவியை மறுநாளும் பார்க்கலாம்.

பிளீச்சிங் பவுடர் மூட்டையை மின்பெட்டி உள்ள அறையிலேயே அடுக்கி வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். அதிலிருந்து வரும் குளோரின் ஆவி செம்புக் கம்பியையும் இணைப்புத் திருகுகளையும் சில மாதங்களில் பச்சை பூக்கச் செய்துவிடும். வெளியே நன்றாக இருக்கும் கருவி அடிக்கடி மௌனமாகிறது என்றால் அந்த அறையின் வாசனையை முகர்ந்து பாருங்கள்.

பதிவேட்டில் நாள்தோறும் நான்கு எண்கள் போதும்: காலை மட்டம், மாலை மட்டம், ஓட்டமானியின் மொத்தக் கணக்கு, மோட்டார் ஓடிய நேரம். வாரம் ஒருமுறை நாடாவால் அளந்த மட்டத்தைச் சிவப்பு மையில் அருகே எழுதுக. தொட்டியின் வெளிப்புறத்தில் மிதவையோடு இணைந்து ஏறி இறங்கும் பழைய அளவுப் பலகை உள்ள ஊர்கள், புதுக்கருவி வந்துவிட்டது என்று அதைக் கழற்றிவிட வேண்டாம். கம்பி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் அது தெருவில் நிற்பவருக்குத் தெரியும்.

வரும் மாதக் கூட்டத்துக்கு ஒவ்வோர் ஊராட்சியும் தன் தொட்டியின் உள்விட்டம், நிறைமட்டம், அடித்தளத்திலிருந்து உணர்கருவி பொருத்தப்பட்ட உயரம் ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். 1 சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கை ஒன்றியப் பொறியாளர் அங்கேயே போட்டுத் தருவார். அதனைத் தொட்டித் தூணில் பெயின்ட்டால் எழுதி வைக்கலாம். சதுரத் தொட்டி உள்ள ஊர்கள் உள்விட்டத்துக்குப் பதிலாக உட்புற நீளத்தையும் அகலத்தையும் கொண்டு வருக. அளவு நாடா இல்லாதோர் ஒன்றிய அலுவலகத்தில் கையொப்பமிட்டு இரவலாகப் பெற்றுக்கொள்ளலாம்.